ஞாயிற்றுக்கிழமை மீன்

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் அவர் ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார். மற்ற நாட்களில் நான்தான் எழுப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. இடது கையால் சுவரைக் காட்டினார். ஆணியில் அவருடைய தூண்டில் பை தொங்குகிறது. பிறகு வாசலைக் காட்டினார். மறுபடியும் பை. மறுபடியும் வாசல்.

பொங்கலுக்கு மறுநாள் குளியலறையில் விழுந்தவர். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. கைத்தடியும் என் தோளும் இருந்தால் மெல்ல நடக்கிறார். பயிற்சி கொடுக்க வரும் பெண், "அவருக்குப் பிடிச்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. பிடிச்ச வேலையை அவரு கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க" என்றாள்.

அவருக்குப் பிடித்தது ஒன்றுதான். அணையில் ஷட்டர் ஆபரேட்டராக இருந்தபோதும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, பதினேழு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் டிரவுட் மீன் பிடிக்கப் போவார். சாயங்காலம் இரண்டு மீனோடு திரும்புவார். வயிறு கீறிச் சுத்தம் செய்து, பெரணி இலையில் சுற்றி எடுத்து வருவார். எனக்குச் செவுள் கிள்ளும் வேலைகூட வைத்ததில்லை. என்னை ஒரு நாளும் கூட்டிப்போனதில்லை. அந்த வழியெல்லாம் அட்டை கடிக்கும் என்பார்.

முப்பது வருடம் அணை முகாமின் பாலர் பள்ளியில் 'அ' போடக் கற்றுக்கொடுத்தவள் நான். ஒரு மீன் பிடிக்கவா கற்றுக்கொள்ள முடியாது?

பையைத் திறந்தேன். தூண்டிலில் கட்டும் தங்கூஸ் நரம்புச் சுருள் உறை பிரிக்காமல் இருக்கிறது. தூண்டில் முட்கள் எண்ணெய்க் காகிதத்தில் ஒட்டியபடி அப்படியே இருக்கின்றன. எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்.

பின்கட்டுக் குப்பைக் குழியில் மண்புழு தோண்டினேன். ஓடைக்கு அரை கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரம் ஆனது. அவரைத் தட்டைப் பாறையில் உட்காரவைத்துவிட்டுப் புழுவைப் போட்டேன். பதினொரு மணிவரை ஒன்றும் கடிக்கவில்லை. அவர் தண்ணீரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எதிர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புழுவை மாற்றியபோது தலையை வேகமாக ஆட்டினார். இரை சரியில்லை போலிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

படுக்கை விரிப்புகளை அலசினேன். மூன்று நாளாக வெயிலில்லை, காயவில்லை. சுபத்ரா திருப்பூரிலிருந்து போனில் அழைத்தாள். பேசி முடித்ததும், "அப்பாகிட்டக் குடும்மா" என்றாள். போனை அவர் காதில் வைத்தேன். மகள் பேசப் பேச அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "கேட்டாராம்மா?" என்றாள். "நல்லாக் கேட்டாரு கண்ணு, சிரிக்கறாரு" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று கோதுமை மாவில் மஞ்சள் கலந்து உருண்டை பிடித்துப் போட்டேன். அதற்கும் தலையாட்டல்தான்.

மீன் ஆபீஸ் காவலர் ஹாலன் வந்தார். படுகர். இந்த ஓடையிலேயே முப்பது வருடமாக இருப்பவர். மாவு உருண்டையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அம்மா, மாவுக்குக் கெண்டை வரும். டிரவுட்டு வராது. உசுரோட அசையறதைத்தான் அது கொத்தும். அசையலேன்னா அசையற மாதிரி நீங்க காட்டணும்."

"இவரு எதைப் போட்டுப் பிடிப்பாருன்னு தெரியுமுங்களா? எதைப் போட்டாலும் வேண்டாங்கறாரு."

"சாரா?" ஹாலன் அவரைப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சார் தூண்டில் போட்டு நான் பாத்ததில்லைம்மா. வேற எங்கயாவது போடுவாரா இருக்கும்."

எனக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தெளிந்த தண்ணீரில் புழு வேலைக்காகாது, மழை பெய்து கலங்கினால்தான் அது எடுபடும், ஆழமான இடத்தில் மீன்குஞ்சு மாதிரி மின்னும் தகட்டு ஸ்பூன் போட்டு இழுத்துப் பாருங்கள் என்றார். ஆழம் எங்கே என்று கேட்டேன். பாலத்தடி மடுவைக் காட்டினார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், கையை இறக்கிக்கொண்டார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்த மடுவில் ஓர் ஆளைத் தண்ணீர் கொண்டுபோனது. அங்கே நான் போடமாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஸ்பூன் நான்காவது வீச்சிலேயே வேரில் மாட்டி அறுந்துவிட்டது. அவர் கைத்தடியைத் தூக்கி எதிர்க்கரையைக் காட்டினார். காரட் தோட்டம், ஒரு தகரக் கூரை, அதிலிருந்து புகை. ஐந்து தடவையாவது காட்டியிருப்பார். அந்தப் பக்கம் நல்ல மீன் இருக்கிறதாக்கும். அடுத்த வாரம் பாலம் தாண்ட வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

பாலத்தைக் கடக்க முக்கால் மணி நேரம். நடுவில் நின்று கீழே பார்த்தார். நான் பார்க்கவில்லை.

அக்கரையில் ஒரு பெண் முழங்கால் போட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பழைய ஆண்கள் ஸ்வெட்டர், தலையில் துண்டு. எங்களைப் பார்த்ததும் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயா! என்னாங்கையா இது? ரெண்டு மாசமா ஆளக் காணோமேன்னு இருந்தேன். யாருகிட்டக் கேக்கறதுன்னும் தெரியல. வூடு எங்கன்னு சொன்னாத்தானே!"

அவர் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் தன் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

நான் அவர் மனைவி, பாலர் பள்ளி டீச்சர் என்றேன். அவளே எனக்குச் சொன்னாள். பதினேழு வருடமாக ஞாயிறுதோறும் ஐயா வருவாராம். காரட் பாத்தி கொத்துவாராம், உரம் சுமப்பாராம், கூரை ஒழுகினால் ஏறிப் பார்ப்பாராம். கூலி வாங்கமாட்டாராம். டீ கொடுத்தால் வெளியே நின்றே குடிப்பாராம். "வெறுங்கையோட அனுப்ப மனசு வராது. நான் புடிச்ச மீனு ரெண்டு குடுத்துவுடுவேன். ஐயாவுக்குப் புழு கோக்கக்கூட வராது டீச்சர். தூண்டில் பையை எதுக்குத் தோள்ல மாட்டிக்கிட்டு வர்றாருன்னு நான் சிரிப்பேன்."

பேசிக்கொண்டே வாளியிலிருந்து இரண்டு மீனை எடுத்தாள். கட்டை விரலால் வயிற்றை வழித்தாள், பெரணி இலையைப் பறித்துச் சுற்றினாள், காம்பைச் செருகி முடிந்தாள். அந்த முடிச்சை எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் அவிழ்த்திருக்கிறேன்.

பெயர் கேட்டேன்.

"அமலோற்பவம். சிலோன்ல இருந்து வந்தவங்க நாங்க. எங்க வூட்டுக்காரரு பேரு சந்தியாகு. நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. பாலத்தடி மடுல போனாரே, அவருதான்."

மீனை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது?

மார்ச் 24, திங்கள்

உடம்பு சரியில்லை. மீனைச் சமைக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மழை வரும்போல் இருக்கிறது, போக வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

சாப்பிட மறுக்கிறார். ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். திங்கட்கிழமையிலிருந்து கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். "அங்க கூட்டிட்டுப் போனாத்தான் சாப்பிடுவீங்களா?" என்று கத்திவிட்டேன். வாயைத் திறந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போனோம். அவரை அவள் வீட்டு வாசலில் கட்டிலில் உட்காரவைத்தோம். காரட் பாத்திகளைப் பார்த்தபடி இருந்தார். அமலோற்பவம் என்னை ஓடைக்குக் கூட்டிப்போனாள்.

அவள் சொன்னதை மறந்துவிடாமல் எழுதிவைக்கிறேன். டிரவுட் தண்ணீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும். ஆகவே கீழேயிருந்து, அதன் முதுகுப் பக்கமாகத்தான் போக வேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. குனிந்து போனால் போதாது, முழங்காலில் போக வேண்டும். வெயில் காலத்தில் வெட்டுக்கிளிதான் நல்ல இரை. கழுத்தோட்டுக்குக் கீழே முள்ளை ஏற்றினால் உயிரோடு உதைத்துக்கொண்டே மிதக்கும். ஈயக் குண்டு கூடாது. நரம்பு இழுபடாமல் தண்ணீர் போகிற வேகத்திலேயே இரையும் போக வேண்டும். ஒரு விரற்கடை இழுபட்டாலும் அது பொய் என்று மீனுக்குத் தெரிந்துவிடும்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அவருதான். நுவரெலியாவுல தொரைமாருக்குத் தூண்டில் தூக்கிக்கிட்டு போன ஆளு. அவருக்குக் காது ரொம்பக் கூர்மை டீச்சர். மீனு மேல வந்து பூச்சியக் கவ்வுற சத்தம் இருக்கே, முத்தம் குடுக்கற மாதிரி, அது முப்பதடி தள்ளி இருந்தாலும் கேக்கும் அவருக்கு."

நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு அவளே, "அந்தாளுக்குச் சங்கு கேக்கலையாம்" என்றாள்.

அணையில் ஷட்டர் திறப்பதற்கு அரை மணி முன்னால் அபாயச் சங்கு மூன்று தடவை ஊத வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்குக் கேட்கும்.

"குடிச்சிட்டு நின்னாரு, அதான் கேக்கலேன்னு பேப்பர்ல போட்டாங்க. ஆயுசுல தொட்டதில்ல அவரு. கோயில்ல ஒருத்தரும் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல. குடிகாரன் பொண்டாட்டின்னு ஆயிடுச்சு. அன்னைக்கு நானும் இந்தத் தோட்டத்துலதான் நின்னேன். எனக்கும் கேக்கல. மழச் சத்தம்னு சொன்னாங்க. எங்காதுதான் சரியில்லையோன்னு டாக்டர்கிட்டக்கூடக் காட்டினேன்."

என் வெட்டுக்கிளி செத்துப்போயிருந்தது. வேறொன்று பிடிக்கிறேன் என்று எழுந்து புல்வெளிக்குப் போனேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று இறகுப் பூச்சி. சேவலின் கழுத்திறகையும் தையல் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வது. சந்தியாகு செய்துவைத்தது அவளிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கிறது. காலை வெயில் ஏறும்போதும் மாலை நான்கு மணிக்கு மேலும் இதற்கு மிஞ்சி வேறில்லை என்றாள். கையை வீசக்கூடாது, மணிக்கட்டு மட்டும்தான். பின்னால் நரம்பு முழுக்க நீளும்வரை பொறுக்க வேண்டும்.

நாற்பது தடவை புதரில் மாட்டினேன். பிறகு ஒரு தடவை பூச்சி சரியாக விழுந்தது. தண்ணீர் உடைந்தது. கையில் ஒரு இழுப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வுடாதீங்க டீச்சர்! தலையத் தூக்கிப் புடிங்க! அவசரப்படாதீங்க!"

முக்கால் அடி மீன். பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு. அமலோற்பவம் கைதட்டினாள். தன் கணவர் இருந்தால் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பார் என்று சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்னா டீச்சர், மொத மீனு புடிச்சவங்க மாதிரி தெரியலையே" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

அவளுக்குக் கோயில் இருக்கும், இன்று போக வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன். மதியம் கதவு தட்டும் சத்தம். பலகாரத் தூக்கோடு அமலோற்பவம் நிற்கிறாள். ஹாலனிடம் வழி கேட்டு வந்தாளாம்.

உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். சுவரில் அவருடைய ஓய்வு நாள் படம். பொன்னாடை போர்த்திக்கொண்டு ஷட்டர் இயக்கும் அறை வாசலில் நிற்கிறார்.

"ஐயா ஷட்டர்லயா இருந்தாரு? ஆபீஸ்ல எழுதற வேலைன்னுல்ல சொன்னாரு."

"கடைசியில கொஞ்ச நாள் போட்டாங்க."

"எங்க வூட்டுக்காரரு போனப்ப, தொண்ணூத்தஞ்சுல?"

"அப்ப வேற எடமுங்க. ஆபீஸ்தான்."

சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. அவள் நம்பிவிட்டாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனதும் இடது கையால் சுவரில் குத்தினார். விரல் முட்டித் தோல் கிழிகிறவரை குத்தினார். மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

மே 4, ஞாயிறு

பாலர் பள்ளியின் பழைய சிலேட்டு ஒன்று பரணில் இருந்தது. பயிற்சிப் பெண் சொன்னபடி இடது கையில் எழுதப் பழக்குகிறேன். தினமும் ஒரு மணி நேரம். கோடு, வட்டம். நேற்று 'ச' மாதிரி ஒன்று போட்டார். சுபத்ரா பேரை எழுதப்போகிறார் என்று போனில் அவளிடம் சொன்னேன். குதித்தாள்.

மே 11, ஞாயிறு

ஓடைக்குக் கிளம்பும்போது சிலேட்டையும் எடுத்துவரச் சொல்லிச் சைகை செய்தார். எடுத்துப் பார்த்தேன்.

'சங்கு' என்று எழுதியிருந்தார். கோணல்மாணலாக, ஆனால் எழுத்துப் பிழை இல்லாமல்.

முந்தானையால் துடைத்துவிட்டேன். சிலேட்டைப் பரணில் போட்டேன். கோடைமழை பிடித்துக்கொண்டது, இன்று போகவில்லை. நிஜமாகவே மழை.

மே 18, ஞாயிறு

சுபத்ரா வந்தாள். இங்கே இனி இருக்க வேண்டாம், ஜூன் பதினைந்தாம் தேதி காரோடு வருகிறேன், திருப்பூருக்கு வந்துவிடுங்கள் என்கிறாள். கீழ் வீடு காலியாக இருக்கிறதாம். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி.

சரி என்று உடனே சொன்னேன். இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நாலு வாரம். அதற்கப்புறம் பாலமும் இல்லை, மடுவும் இல்லை, அவளும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

ஊரை விட்டுப் போகிறோம் என்று அமலோற்பவத்திடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. உள்ளே போய் சந்தியாகுவின் தகரப் பெட்டியை எடுத்து வந்தாள். இறகுப் பூச்சிகள் நிறைந்த பெட்டி.

"வெச்சுக்குங்க டீச்சர். எனக்கு மத்தவங்க யாரு இருக்கா? அவரு போனப்பறம் ஒரு மனுசனும் இந்தப் படி ஏறல. ஐயாதான் வந்தாரு. இப்ப நீங்க வந்தீங்க."

வேண்டாம் என்றேன். கையில் திணித்தாள். வேண்டாம் என்று சத்தம் போட்டுவிட்டேன். பயந்துபோய் நின்றாள். கட்டிலில் இருந்த அவர் எழ முயன்று கீழே விழுந்துவிட்டார். இரண்டு பேருமாகத் தூக்கினோம்.

ஜூன் 3, செவ்வாய்

ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும்.

சந்தியாகு போன அன்று அவருக்கு மத்தியானம் இரண்டு மணி டியூட்டி. சுபத்ராவுக்கு ஐந்து வயது. காலையிலிருந்து காய்ச்சல். ஒன்றரை மணிக்கு அவர் சட்டை மாட்டும்போது குழந்தைக்கு வெட்டு வந்துவிட்டது. கண் மேலே போய், பல் கிட்டி, உடம்பு விறைத்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னை விட்டுட்டுப் போகாதீங்க" என்றேன். வெளியே கொட்டுகிற மழை. முகாம் நர்ஸ் வருவதற்கு மூன்று மணிக்கு மேலாகிவிட்டது. ஊசி போட்டு, குழந்தை கண் விழித்து, என்னைத் தெரிந்துகொள்ளும்வரை நான் அவர் கையை விடவில்லை.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடினார். அங்கே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்ததாம். நீர்மட்டம் ஏறிவிட்டது, உடனே திற என்று உத்தரவு. திறந்துவிட்டார். சங்குக்கு அரை மணி நேரம் எங்கே இருந்தது?

விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் வீட்டுக்காரர் எத்தனை மணிக்குக் கிளம்பினார்? "ஒன்றரைக்கு" என்றேன். அவரும் சங்கு ஊதியதாக எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சந்தியாகு கிடைக்க மூன்று நாளானது.

சுபத்ராவுக்கு இது எதுவும் தெரியாது. தெரியக்கூடாது.

ஜூன் 8, ஞாயிறு

மேகம் கவிந்திருந்தது. தென்மேற்குப் பருவமழை இன்றோ நாளையோ. அவர் கட்டிலில். அமலோற்பவம் படியில் உட்கார்ந்து முள்ளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அமலோற்பவம், அன்னைக்குச் சங்கு ஊதலைங்க."

"எந்தன்னைக்கு?"

"சந்தியாகு போன அன்னைக்கு. ஷட்டரைத் திறந்தது இவருதான். சங்கு ஊதாமத் திறந்துட்டாரு. டியூட்டிக்கு நேரத்துல போகலை. போகாததுக்கு நான் காரணம். நேரத்துல போனாருன்னு விசாரணையில பொய் சொன்னதும் நான்தான்."

நூல் சுற்றுவது நிற்கவில்லை. சுற்றி முடித்து, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"அப்ப எங்காது நல்ல காதுதான்."

"ஆமாங்க."

"அவரு குடிக்கல."

"குடிச்சிருக்க மாட்டாருங்க."

"மாட்டாருன்னு இல்ல டீச்சர். குடிக்கலன்னு சொல்லுங்க."

"குடிக்கலைங்க."

அவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திருப்பவில்லை. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்டச் சொல்லி என்னா டீச்சர்? நான் ஒரு நாளும் அவரு குடிச்சாருன்னு நம்பல. நம்புனவங்ககிட்டச் சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கோயில் வாசலுக்கு வாங்க. ரெண்டு பேரும் வாங்க."

"வர்றோமுங்க."

"இப்பப் போங்க."

பாலத்தைக் கடக்கும்போது மழை வந்துவிட்டது. குடை இல்லை. அவர் நடுவில் நிற்கவில்லை. வீடு வரும்வரை எங்கும் நிற்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. திருப்பூர்

காலை எட்டு மணிக்கே சுபத்ரா வாடகைக் காரும் டிரைவருமாக வந்துவிட்டாள். சாமான்களை ஏற்றிய பிறகு, மாதா கோயிலுக்குப் போய்விட்டுப் போகலாம் என்றேன்.

"கோயிலுக்கா? நமக்கு அங்க என்னம்மா?"

"ஒருத்தங்களைப் பாக்கணும் கண்ணு. நீ கார்லயே இரு."

அவள் காரிலேயே இருக்கவில்லை. அப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

தூறலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். பாதிப்பேர் என்னிடம் பாலர் பள்ளியில் படித்தவர்கள், இல்லையென்றால் படித்தவர்களின் பெற்றோர். "டீச்சர், ஊருக்குக் கிளம்பிட்டீங்களாமே" என்று சூழ்ந்துகொண்டார்கள். அமலோற்பவம் கடைசியாக வந்து தூணோரம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

வகுப்பில் பேசும் குரலில் பேசினேன். வேறு குரலில் பேசியிருந்தால் அழுதிருப்பேன். தொண்ணூற்றைந்து ஜூலையில் ஷட்டர் திறந்த அன்று அபாயச் சங்கு ஊதவில்லை என்றேன். திறந்தவர் இதோ நிற்கும் என் கணவர் குழந்தைவேலு. வீட்டு வேலை ஒன்றுக்காக நான் அவரை நிறுத்திவைத்தேன். விசாரணையில் நேரத்தை மாற்றிச் சொன்னேன். சந்தியாகு குடித்திருக்கவில்லை. சங்கு ஊதியிருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும்.

ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் வெடுக்கென்று திரும்பி நடந்தார். ஒரு பெண், "பாவி" என்றாள். என்னைத்தான். பிறகு இரண்டு பேர், அப்புறம் நாலைந்து பேர், அமலோற்பவத்திடம் போனார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பதினேழு வருசம். ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லய்யா. அப்ப வாயிருந்துச்சே."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தாள். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். தூறல் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுபத்ரா துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

வளைவுகளில் கார் இறங்கியது. பவானி ஆற்றைத் தாண்டியதும் சுபத்ரா கேட்டாள்.

"அப்படி என்ன வீட்டு வேலைம்மா? டியூட்டிக்கு விடாம நிறுத்தி வெக்கற அளவுக்கு?"

முன் சீட்டில் அவர் தலை அசைந்தது.

"கேஸ் தீந்துபோச்சு கண்ணு. சிலிண்டர் மாத்திக் குடுத்துட்டுத்தான் போகணும்னு சண்டை போட்டேன்."

"அதுக்காகவா? ஒரு சிலிண்டருக்காகவா ஒரு மனுஷன்..."

"ஆமா கண்ணு. அதுக்காகத்தான்."

அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. என் பக்கத்திலிருந்து நகர்ந்து கண்ணாடியோரம் உட்கார்ந்துகொண்டாள். அவர் சிரமப்பட்டுத் திரும்பி, இருக்கைகளுக்கு நடுவே இடது கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டார். எடுக்கச் சொல்லித் தட்டினேன். எடுக்கவில்லை.

திருப்பூர் வந்து சேரும்வரை சுபத்ரா என்னோடு பேசவில்லை.